அம்மாவின் வாழ்க்கை வாழத்தக்கதா என்று யார் சொல்வது?

உங்கள் கேள்வியை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு மூளையின் இடது பக்கத்தில் பெரிய ஸ்ட்ரோக் வந்து 12 நாளாகிறது. ஐசியூவில் வென்டிலேட்டரில் இருக்கிறார். சில சமயம் கண் திறக்கிறார், சொல்வது புரிகிறதா என்று உங்களுக்குத் தெரியவில்லை. இப்போது தொண்டையில் துளையிட்டு டிரக்கியோஸ்டமி செய்யவும், உணவுக்காக வயிற்றில் குழாய் போடவும் உங்கள் சம்மதத்தைக் கேட்கிறார்கள். இதற்கிடையில் ஒரு மருத்துவர், "பிழைத்தாலும் வாழ்க்கைத் தரம் இருக்காது, குடும்பமாகக் கலந்து பேசுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அண்ணன் எல்லாச் சிகிச்சையும் வேண்டும் என்கிறார். வாழ்க்கைத் தரத்தை மருத்துவர்கள் எப்படி அளக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் எழுதியதன் கடைசி வரிகளைப் பார்த்தால் உங்களை வதைப்பது வேறு. அம்மாவின் வாழ்க்கை இனி வாழத்தக்கதல்ல என்று சொல்ல அந்த மருத்துவர் யார்? நீங்கள் வேண்டாம் என்று சொன்னால் அது அம்மாவைக் கொன்றதாகுமா? இந்த இரண்டுக்கும்தான் முக்கியமாகப் பதில் எழுதப் போகிறேன். அளவீட்டைப் பற்றியும் சொல்கிறேன், அது சீக்கிரம் முடிந்துவிடும்.

நான் நோய்த்தணிப்பு மருத்துவர். தீராத நோய் உள்ளவர்களோடும், ஐசியூ வாசலில் முடிவெடுக்க முடியாமல் திணறும் குடும்பங்களோடும் உட்கார்ந்து பேசுவதுதான் பல வருடங்களாக என் வேலையின் பெரும்பகுதி. உங்கள் அம்மாவை நான் பார்க்கவில்லை, ஸ்கேனையும் பார்க்கவில்லை. அதனால் டிரக்கியோஸ்டமிக்குச் சம்மதியுங்கள் என்றோ வேண்டாம் என்றோ இங்கிருந்து சொல்ல மாட்டேன். எதை யாரிடம் எப்படிக் கேட்டால் முடிவு தெளிவாகும் என்பதைச் சொல்ல முடியும்.

அளவீட்டிலிருந்து தொடங்குகிறேன். வாழ்க்கைத் தரத்தை அளக்கக் கேள்வித்தாள்கள் இருக்கின்றன. அதிகம் பயன்படுவது ஈக்யூ-5டி என்பது. நடமாட்டம், தன் வேலைகளைத் தானே செய்துகொள்வது, அன்றாட வேலைகள், வலி, மனக்கவலை என்று ஐந்து விஷயங்களைக் கேட்டு அதிலிருந்து ஓர் எண்ணை எடுக்கிறார்கள். இரண்டு சிகிச்சைகளில் எது நிறையப் பேருக்குப் பயன்தருகிறது என்று ஒப்பிட அது நல்ல கருவி. ஆனால் உங்கள் அம்மா என்ற ஒரு மனுஷியின் மீதி வாழ்க்கைக்கு மதிப்பெண் போட அது உருவாக்கப்படவில்லை. அப்படி மதிப்பெண் போடும் கருவி எதுவும் மருத்துவத்தில் கிடையாது. உங்களிடம் பேசிய மருத்துவர் ஸ்கேனையும் தன் அனுபவத்தையும் வைத்து, அந்த நிலையில் தன்னைக் கற்பனை செய்து பார்த்து, அந்த வாக்கியத்தைச் சொல்லியிருப்பார். அக்கறையோடுதான் சொல்லியிருப்பார் என்று நம்புகிறேன். ஆனால் அது பரிசோதனை முடிவு அல்ல. அவருடைய கருத்து.

இந்தக் கருத்தில் வெளியாட்கள் ஒரே திசையில் தவறுகிறோம் என்பது ஓரளவு நிச்சயமாகத் தெரிந்த விஷயம். 1999-ல் ஆல்பிரெக்ட், டெவ்லீகர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் உடல் குறைபாடுள்ள 153 பேரிடம் நேரில் பேசி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கணிசமான குறைபாட்டோடு வாழ்பவர்களில் பாதிக்குச் சற்று அதிகமானோர், 54 சதவீதம் பேர், தங்கள் வாழ்க்கைத் தரம் நன்றாக அல்லது மிக நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். பார்ப்பவர்களுக்கு அவர்களின் நாட்கள் சகிக்க முடியாதவையாகத் தெரிந்தன. இதைவிட என்னை அதிகம் யோசிக்கவைத்தது பிரான்சில் உள்ள ஒரு நோயாளிகள் சங்கத்தின் உறுப்பினர்களிடம் கேட்டு 2011-ல் வெளியான ஆய்வு. லாக்டு-இன் நிலையில் உள்ளவர்களைப் பற்றியது அது. முழு நினைவு இருக்கும், ஆனால் கண்ணசைவைத் தவிர உடலில் கிட்டத்தட்ட எதையும் அசைக்க முடியாது. அவர்களிடமே கேட்டபோது, பதில் பயன்படும்படி வந்த 65 பேரில் 47 பேர் மகிழ்ச்சியாக இருப்பதாகவும் 18 பேர் இல்லை என்றும் சொன்னார்கள். கேட்கப்பட்டவர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் பதிலே அனுப்பவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மிகவும் துன்பத்தில் இருப்பவர்கள்தான் பதில் அனுப்பாமல் இருந்திருக்கலாம். அதனால் 47 என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்கக் கூடாது. ஆனால் அந்த நிலையில் ஒருவர்கூட மகிழ்ச்சியாக இருக்க முடியாது என்று பெரும்பாலான மருத்துவர்கள் நினைத்திருப்பார்களே, அந்த நினைப்பு அன்றோடு போய்விட்டது.

உங்கள் அம்மாவின் நோய்க்கு இன்னும் நெருக்கமான சான்று ஒன்று உண்டு. பெரிய ஸ்ட்ரோக்கில் மூளை வீங்கும்போது உயிரைக் காப்பாற்ற மண்டையோட்டின் ஒரு பகுதியை எடுப்பார்கள். பிழைப்பவர்களில் பலர் கனத்த குறைபாட்டோடுதான் பிழைக்கிறார்கள். ஆனால் பல மாதங்களுக்குப் பிறகு, "இப்படி ஆகும் என்று முன்பே தெரிந்திருந்தாலும் சம்மதித்திருப்பீர்களா?" என்று அவர்களையோ வீட்டாரையோ கேட்ட ஆய்வுகளில் பெரும்பாலானவர்கள் ஆம் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். ஆரோக்கியமாக இருக்கும் நாம் நோயின் முதல் நாளை மட்டும் கற்பனை செய்கிறோம். இருநூறாவது நாளை நம்மால் கற்பனை செய்ய முடிவதில்லை. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த புற்றுநோய் மருத்துவர் கெனத் கால்மன் 1984-ல் இதை அழகாக விளக்கினார். ஒருவர் எதிர்பார்ப்பதற்கும் அவருக்கு உண்மையில் வாய்த்திருப்பதற்கும் உள்ள இடைவெளிதான் வாழ்க்கைத் தரம். உடல் தேறாவிட்டாலும், எதிர்பார்ப்பு இறங்கி வரும்போது அந்த இடைவெளி சுருங்கிவிடும்.

இதை எழுதும்போதே, உங்கள் அண்ணன் இந்தப் பத்திகளை மட்டும் எடுத்துக்கொண்டு "பார்த்தாயா, எல்லாம் செய்ய வேண்டும்" என்று சொல்லக்கூடும் என்றும் தோன்றுகிறது. அதனால் மறுபக்கத்தையும் அதே அழுத்தத்தோடு சொல்கிறேன். மேலே சொன்ன ஆய்வுகளில் பேசியவர்கள் பேசும் நிலையில் இருந்தவர்கள். நினைவு திரும்பியவர்கள். நினைவே திரும்பாத ஒருவருக்குப் பழகிக்கொள்வது என்ற பேச்சே இல்லை, பழகிக்கொள்ள அங்கே ஆள் வேண்டும். தணிக்கப்படாத வலிக்கும் மூச்சுத்திணறலுக்கும் கவனிக்கப்படாத மனச்சோர்வுக்கும்கூட மனிதர்கள் அவ்வளவு எளிதில் பழகுவதில்லை. இன்னொன்று, எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. "பலர் பழகிக்கொண்டார்கள்" என்பதை வைத்துக்கொண்டு, "எனக்கு அப்படி ஒரு வாழ்க்கை வேண்டாம்" என்று தெளிவாகச் சொன்ன ஒருவரின் வார்த்தையைத் தள்ளிவிட யாருக்கும் உரிமை இல்லை. மற்றவர்கள் பழகிக்கொண்டதால் உங்கள் அம்மாவும் பழகிக்கொள்ளக் கடமைப்பட்டவர் ஆகிவிட மாட்டார்.

இப்போது உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். அந்த வாழ்க்கை அம்மாவுக்குப் போதுமா என்பதை அம்மாவின் அளவுகோலால் மட்டும்தான் சொல்ல முடியும். மருத்துவரிடம் இருக்கவேண்டியது வேறொரு அறிவு. அம்மாவால் வென்டிலேட்டர் இல்லாமல் மூச்சுவிட முடியுமா, உட்கார முடியுமா, உங்களை அடையாளம் தெரியுமா, வாய்வழி சாப்பிட முடியுமா, பேச்சு எவ்வளவு திரும்பும், இதெல்லாம் எவ்வளவு நிகழக்கூடியது என்ற அறிவு. இதை அவர் சொல்லட்டும். அதற்கு மேல் "தரம் இருக்காது" என்று முடித்துவைப்பது அவர் வேலை இல்லை. அதனால் அவரைப் பார்த்து, "தரம் இருக்காது என்றால் அம்மா எப்படி இருப்பார் என்று நினைக்கிறீர்கள்? ஆறு மாதம் கழித்து அவருடைய ஒரு நாள் எப்படிப் போகும்?" என்று கேளுங்கள். எல்லாம் நன்றாக நடந்தால் எப்படி, மோசமாகப் போனால் எப்படி, இந்த இரண்டில் எதற்கு நெருக்கமாக இருக்கும் என்று நினைக்கிறீர்கள் என்றும் கேளுங்கள். இந்தக் கேள்விகளுக்கு நல்ல மருத்துவர் கோபப்பட மாட்டார். பெரும்பாலும் அவருக்கே அது நிம்மதியாக இருக்கும்.

அவர் சொல்லும் கணிப்பை எவ்வளவு நம்பலாம்? முழுதாக நம்ப முடியாது, தள்ளிவிடவும் முடியாது. 2000-ல் கிறிஸ்டாகிஸ், லாமான்ட் இருவரும் அமெரிக்காவின் சிகாகோவில் செய்த ஆய்வில், இறுதிக்கட்டத்தில் இருந்த 468 நோயாளிகள் எவ்வளவு காலம் இருப்பார்கள் என்று அவர்களுடைய மருத்துவர்களைக் கேட்டார்கள். ஐந்தில் ஒரு கணிப்புதான் ஏறத்தாழச் சரியாக இருந்தது. தவறியவர்களில் பெரும்பாலானவர்கள் உண்மையில் வாழ்ந்ததைவிட அதிகக் காலத்தைச் சொல்லியிருந்தார்கள். நோயாளியோடு நீண்டகாலம் பழகிய மருத்துவர்கள் இன்னும் அதிகம் தவறினார்கள். பெரும்பாலும் புற்றுநோயாளிகளைப் பற்றியது அது. மூளைப் பாதிப்பில் வேறொரு ஆபத்து இருக்கிறது, அது எதிர்த்திசையில் போகிறது. "இவர் தேற மாட்டார்" என்று முதல் நாளே முடிவுகட்டிச் சிகிச்சையைக் குறைத்தால் அவர் தேற மாட்டார்தான். பிறகு அதுவே கணிப்புக்குச் சான்றாகிவிடுகிறது. மூளை ரத்தக்கசிவு நோயாளிகளில் இப்படி நடப்பது ஆய்வுகளில் தெரியவந்த பிறகுதான், கனத்த மூளைப் பாதிப்பில் முதல் சில நாட்களுக்குள் மீளமுடியாத முடிவுகளை எடுக்க வேண்டாம், சுமார் 72 மணி நேரமாவது பொறுங்கள் என்று நரம்பியல் தீவிர சிகிச்சை வல்லுநர்கள் வழிகாட்டுதல் எழுதினார்கள்.

உங்கள் அம்மா அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டார். 12 நாளில் மூளை வீக்கம் பெரும்பாலும் வடிந்திருக்கும், இப்போது சொல்லும் கணிப்புக்கு முதல் நாள் சொன்னதைவிட மதிப்பு அதிகம். ஆனாலும் இது முடிவான படம் இல்லை. இடது பக்க மூளையில்தான் பெரும்பாலானவர்களுக்கு மொழி இருக்கிறது. அதனால் அம்மா பதில் சொல்லாததும், "கையைத் தூக்குங்கள்" என்றால் தூக்காததும் நினைவு இல்லாததால் இருக்கலாம், நினைவு இருந்தும் சொல் புரியாததாலும் இருக்கலாம். தூக்க மருந்து இன்னும் உடலில் இருக்கிறதா என்பதும் தெரிய வேண்டும். நரம்பியல் மருத்துவரிடம் இந்த மூன்றில் எது என்று நேரடியாகக் கேளுங்கள். மொழி மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும். யாருக்கு எவ்வளவு திரும்பும் என்று இந்த நாளில் உறுதியாகச் சொல்ல யாராலும் முடியாது.

அப்புறம் அந்த இரண்டு குழாய்கள். இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டதால் ஒன்றுக்குச் சரி என்றால் இன்னொன்றுக்கும் சரி என்று ஆகிவிட்டது போலத் தெரிகிறது. அவை தனித்தனி முடிவுகள். டிரக்கியோஸ்டமி செய்தால் வாயில் இருக்கும் குழாய் போய்விடும், தூக்க மருந்தைக் குறைக்கலாம், வென்டிலேட்டரிலிருந்து மெல்ல விடுவிக்க முயலலாம். தேறினால் அந்தத் துளையை மூடிவிடவும் முடியும். அதனால் அதை வாழ்நாள் தண்டனையாக நினைக்க வேண்டியதில்லை. ஆனால் அது மூளையைச் சரிசெய்யும் சிகிச்சை இல்லை. அதற்குச் சம்மதிப்பது நீண்ட, சளி உறிஞ்சுவதும் தொற்றுகளும் நிறைந்த ஒரு பாதையில் கால்வைப்பது என்பதையும் சொல்லியாக வேண்டும். உணவுக்காக வயிற்றில் போடும் குழாய்க்கு அவ்வளவு அவசரம் பெரும்பாலும் இருப்பதில்லை. ஸ்ட்ரோக் நோயாளிகளில் செய்த பெரிய ஆய்வு ஒன்று 2005-ல் வெளிவந்தது. ஆரம்ப வாரங்களில் வயிற்றில் நேரடியாகக் குழாய் போட்டவர்களைவிட மூக்குவழிக் குழாயில் உணவு பெற்றவர்களின் நிலை மோசமாகவில்லை, சற்று மேலாகவே இருந்தது. விழுங்கும் திறன் பலருக்கு முதல் சில வாரங்களில் திரும்பிவிடுவதும் உண்டு. உங்கள் மருத்துவமனை இப்போதே கேட்பதற்குத் தக்க காரணம் இருக்கலாம். அது என்ன என்று கேட்பதில் தவறில்லை.

அம்மாவால் பேச முடியாதபோது அம்மாவின் அளவுகோலை எங்கே தேடுவது? முன்பே எழுதிவைத்திருந்தால் அதுதான் முதலில். உங்கள் கேள்வியில் அப்படி எதுவும் இல்லை என்றுதான் தெரிகிறது. அடுத்தது, அவர் சொன்னவையும் வாழ்ந்த விதமும். உறவில் யாராவது நீண்ட நாள் படுக்கையில் கிடந்தபோது அவர் என்ன சொன்னார்? எதைச் செய்ய முடியாமல் போனபோது அதிகம் உடைந்துபோனார்? பிறர் உதவியை வாங்கிக்கொள்வதில் அவருக்கு வருத்தம் உண்டா, அல்லது அதில் சுலபமாக இருப்பவரா? வலியை எப்படித் தாங்குவார்? பேரப்பிள்ளைகளின் குரல் காதில் விழுந்தால் போதும் என்பவரா, எழுந்து நடமாடாவிட்டால் தான் தானில்லை என்று நினைப்பவரா? இதையெல்லாம் நீங்களும் அண்ணனும் தனித்தனியாக எழுதிப் பார்த்துவிட்டு, பிறகு சேர்ந்து படியுங்கள். ஒரே அம்மாவை இரண்டு பேர் எவ்வளவு வேறாகப் பார்த்திருக்கிறீர்கள் என்பது அப்போது தெரியும். அங்கேதான் பேச்சு உண்மையில் தொடங்கும்.

இதிலும் தவறு நடக்கும். நோயாளி என்ன விரும்புவார் என்று அவருடைய நெருங்கிய உறவினர்களைக் கேட்டு, நோயாளியின் பதிலோடு ஒப்பிட்ட 16 ஆய்வுகளை 2006-ல் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். உறவினர்கள் சரியாகச் சொன்னது 68 சதவீதம். மூன்றில் ஒன்று தவறு. இதைச் சொல்வது உங்களைப் பயமுறுத்த இல்லை. அம்மாவின் மனதை நூறு சதவீதம் கண்டுபிடித்தாக வேண்டும் என்ற பாரத்தை இறக்கிவைக்கத்தான். நேர்மையாக முயன்றாலே நீங்கள் செய்யவேண்டியதைச் செய்துவிட்டீர்கள். ஒரே ஒரு எச்சரிக்கை. "உனக்கு என்ன வேண்டும்?" என்று உங்களையே கேட்டுக்கொண்டால் அதற்கு ஒரே பதில்தான் வரும்: அம்மா வேண்டும். அந்தக் கேள்வியை மாற்றிக்கொள்ளுங்கள். அம்மா கால் மணி நேரம் முழுத் தெளிவோடு எழுந்து உட்கார்ந்து, மருத்துவர்கள் சொல்வதையெல்லாம் கேட்டுவிட்டு, உங்களையும் அண்ணனையும் பார்த்துப் பேசினால் என்ன சொல்வார்? குடும்பங்களிடம் நான் கேட்பது இதைத்தான். பல நேரம் அறையில் இருப்பவர்கள் எல்லோரும் ஒரே வாக்கியத்தைச் சொல்லிவிடுவார்கள்.

"யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாது" என்று அம்மா எப்போதாவது சொல்லியிருந்தால் அதைக் கவனமாகக் கையாளுங்கள். கனத்த நோயுள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் இதைச் சொல்கிறார்கள். 2000-ல் அமெரிக்காவில் எடுத்த ஒரு கணக்கெடுப்பில் நோயாளிகளில் 89 சதவீதம் பேர் குடும்பத்துக்குப் பாரமாகாமல் இருப்பது முக்கியம் என்றார்கள், மருத்துவர்களில் 58 சதவீதம் பேர்தான் அப்படி நினைத்தார்கள். அதே கணக்கெடுப்பில், கடைசிவரை மனம் தெளிவாக இருப்பது முக்கியம் என்று நோயாளிகளில் 92 சதவீதம் பேர் சொன்னார்கள், மருத்துவர்களில் 65 சதவீதம் பேர் சொன்னார்கள். மருத்துவர் எதை முக்கியம் என்று நினைக்கிறாரோ அதுவே நோயாளிக்கும் முக்கியமாக இருக்கும் என்று எண்ணக் கூடாது என்பதற்காகவும் இதைச் சொல்கிறேன். ஆனால் "பாரம்" என்ற பேச்சு சிகிச்சை வேண்டாம் என்ற முடிவாகிவிடாது. சில அம்மாக்கள் அதை மனதாரச் சொல்கிறார்கள். சிலர், "இல்லையம்மா, நீங்கள் பாரம் இல்லை" என்று பிள்ளை சொல்லக் கேட்பதற்காகச் சொல்கிறார்கள். உங்கள் அம்மா எந்த வகை என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

இதோடு ஒட்டிய ஒரு விஷயத்தை யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை, நான் பேசிவிடுகிறேன். பணம், பார்த்துக்கொள்ள ஆள், உங்கள் வேலை, உங்கள் பிள்ளைகள். இவை முடிவில் வரக் கூடாது என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. படுக்கையில் இருக்கும் ஒருவரை வருடக்கணக்கில் பார்த்துக்கொள்வது உண்மையான உழைப்பு, அதற்கு உண்மையான செலவு உண்டு. அது முடியுமா என்று யோசிப்பது அன்புக் குறைவு இல்லை. ஆனால் அதைத் தனியாக, அதன் பெயரிலேயே பேசுங்கள். "எங்களால் முடியாது" என்று சொல்ல வேண்டிய இடத்தில் "அம்மாவுக்கு இந்த வாழ்க்கை வேண்டாம்" என்று சொல்லிவிடக் கூடாது. பிறகு மனதை அரிப்பது இந்த இடமாற்றம்தான். வெளிப்படையாகச் சொன்னால் உதவிக்கு வேறு வழிகள் இருக்கின்றனவா என்று மருத்துவமனையின் சமூகப் பணியாளராவது யோசிக்க முடியும்.

அண்ணன் "எல்லாம் செய்யுங்கள்" என்கிறார். நான் பார்த்தவரை இந்த வாக்கியத்துக்குள் பெரும்பாலும் மருத்துவம் இருப்பதில்லை. கைவிட்டுவிட்டேன் என்று பிறகு தோன்றிவிடுமோ என்ற பயம் இருக்கும், கடைசிக் காலத்தில் பக்கத்தில் இல்லாத வருத்தம் இருக்கும், மருத்துவமனை செலவைக் குறைக்கப் பார்க்கிறதோ என்ற சந்தேகம்கூட இருக்கும். சந்தேகம் சில இடங்களில் நியாயமானதும்கூட. அவரிடம் ஸ்கேன் படத்தைக் காட்டி வாதாடினால் இவற்றில் ஒன்றும் கரையாது. என்ன நடந்துவிடும் என்று பயப்படுகிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். வாக்கெடுப்பு மட்டும் நடத்தாதீர்கள். இரண்டுக்கு ஒன்று என்று வென்ற முடிவோடு ஒரு குடும்பம் வாழ்வது கஷ்டம்.

ஒத்துவராத இடத்தில் எங்கள் துறையில் நாங்கள் அதிகம் நம்பும் வழி, காலவரம்பு வைத்த முயற்சி. டிரக்கியோஸ்டமி செய்வோம், தூக்க மருந்தை நிறுத்துவோம், தொற்றுக்குச் சிகிச்சை தருவோம், உடற்பயிற்சி தருவோம், மூன்று அல்லது நான்கு வாரம் பார்ப்போம் என்று முதலிலேயே பேசிக்கொள்வது. அந்த நாளில் எதைப் பார்த்தால் முன்னேற்றம் என்று எடுத்துக்கொள்வோம் என்பதையும் அப்போதே எழுதிவைக்க வேண்டும்: தானாக மூச்சு விடுகிறாரா, கண் உங்களைத் தொடர்கிறதா, சொன்னதைச் செய்கிறாரா. இல்லாவிட்டால் என்ன செய்வோம் என்பதும் அதில் இருக்க வேண்டும். இதைச் செய்யாமல் தொடங்கினால் நடப்பது எனக்குத் தெரியும். யாரும் முடிவெடுக்காமலேயே மாதங்கள் ஓடிவிடும், ஒவ்வொரு புதுக் குழாயும் முந்தைய குழாயின் தொடர்ச்சியாக வந்துகொண்டே இருக்கும்.

இந்த வழி நியாயமாக இருக்க வேண்டுமானால் தொடங்கியதை நிறுத்துவது கொலை இல்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டும். உங்கள் இரண்டாவது கேள்வி இதுதான். என் பதில்: பயன் தராத, அல்லது அம்மா ஏற்றுக்கொள்ளாத ஒரு சிகிச்சையைத் தொடங்காமல் இருப்பதும் தொடங்கியபின் நிறுத்துவதும் கொலை இல்லை. அம்மாவின் உயிருக்கு ஆபத்தாக வந்திருப்பது ஸ்ட்ரோக். இயந்திரம் அதற்குக் குறுக்கே நிற்கிறது. இயந்திரத்தை எடுத்தால் நோய் தன் வழியில் போகும், அது எப்போதும் உடனே மரணத்தில் முடிவதும் இல்லை. கேரன் ஆன் குயின்லன் என்ற இளம்பெண் 1975-ல் நினைவிழந்தார். மகளின் வென்டிலேட்டரை எடுக்க அனுமதி கேட்டு அவருடைய தந்தை நீதிமன்றம் போனார். 1976-ல் அமெரிக்காவின் நியூஜெர்சி உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. வென்டிலேட்டரை எடுத்த பிறகும் அவர் தானாக மூச்சுவிட்டு 1985 வரை இருந்தார். தந்தை கேட்டது மகளின் சாவை இல்லை, இயந்திரத்திலிருந்து விடுதலையை. அந்த வேறுபாடு ஒன்பது வருடம் கண்முன் நின்றது.

மருத்துவ அறவியலில் பெரும்பாலானவர்கள் தொடங்காமல் இருப்பதையும் நிறுத்துவதையும் சமமாகவே வைக்கிறார்கள். ஆனால் நிறுத்துவது கனமாக உணரப்படுகிறது என்பது உண்மை, எங்களைப் போன்ற மருத்துவர்களுக்கும் அப்படித்தான். சில சமய மரபுகள் இரண்டுக்கும் நடுவில் கோடு போடுகின்றன. உங்கள் குடும்பம் அப்படி நம்பினால் அதை முதலிலேயே மருத்துவரிடம் சொல்லுங்கள், டிரக்கியோஸ்டமி முடிவையே அது மாற்றும். எனக்கு இதில் ஒரு நடைமுறைக் காரணம் பெரிதாகத் தெரிகிறது. தொடங்கினால் நிறுத்தவே முடியாது என்றால், தேறக்கூடிய வாய்ப்பு கொஞ்சமாவது உள்ளவர்களுக்குக்கூடத் தொடங்கவே பயப்படுவோம். சட்டம் நாட்டுக்கு நாடு வேறு, கையெழுத்தும் குழுவின் ஒப்புதலும் தேவைப்படும் இடங்கள் உண்டு. அதை உங்கள் மருத்துவமனையின் அறவியல் குழுவிடம் கேட்க வேண்டும்.

மூச்சுத்திணறலுக்கு மார்ஃபின் கொடுப்பார்களே, அதுதான் ஆளைக் கொல்கிறது என்ற பயமும் பலருக்கு உண்டு. வென்டிலேட்டரை எடுக்கும்போது அறிகுறியைப் பார்த்து, தேவையான அளவுக்கு மட்டும் படிப்படியாகக் கொடுத்தவர்களில் மருந்து சாவை விரைவுபடுத்தியதாக ஆய்வுகள் காட்டவில்லை. அறிகுறியே இல்லாமல் அள்ளிக் கொடுப்பது வேறு விஷயம், அதை நல்ல மருத்துவர் யாரும் செய்வதில்லை.

நெஞ்சை அமுக்கி உயிர்ப்பிக்கும் சிபிஆர் பற்றியும் கேட்டிருப்பார்கள், இல்லாவிட்டால் கேட்பார்கள். மருத்துவமனைக்குள் இதயம் நின்றவர்களில் சிபிஆருக்குப் பிறகு உயிரோடு வீடு திரும்புபவர்கள் சுமார் நான்கைந்து பேரில் ஒருவர். ஏற்கெனவே வென்டிலேட்டரில் பல உறுப்புகள் தளர்ந்திருப்பவர்களுக்கு இதைவிட மிகக் குறைவு. சிபிஆர் வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தால் மற்றச் சிகிச்சைகள் நின்றுவிடாது, நிறுத்தவும் கூடாது.

எந்தப் பாதையை எடுத்தாலும் நோய்த்தணிப்புக் குழுவை இப்போதே கூப்பிடச் சொல்லுங்கள். எல்லாம் முடிந்த பிறகு கூப்பிடும் குழு இல்லை அது. 2010-ல் வந்த ஒரு புகழ்பெற்ற ஆய்வில், பரவிய நுரையீரல் புற்றுநோய் உள்ள 151 பேரில் ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சையோடு ஆரம்பத்திலிருந்தே நோய்த்தணிப்பும் தந்தார்கள். அவர்களுக்கு வாழ்க்கைத் தரம் மேம்பட்டது, மனச்சோர்வு குறைந்தது, கடைசி நாட்களில் கடுமையான சிகிச்சைகள் குறைவாக இருந்தன. அப்படி இருந்தும் சராசரியாக 11.6 மாதம் இருந்தார்கள், மற்றவர்கள் 8.9 மாதம். ஆயுள் கூடியது பின்னால் வந்த எல்லா ஆய்வுகளிலும் திரும்ப வரவில்லை, ஸ்ட்ரோக்குக்கு அப்படியே பொருத்தவும் முடியாது. வாழ்க்கைத் தரம் மேம்பட்டது பல ஆய்வுகளில் திரும்ப வந்திருக்கிறது. உங்கள் அம்மாவுக்கு அது என்ன செய்யும் என்றால், பேச முடியாதவரின் வலியை முகச்சுளிப்பிலிருந்தும் நாடித்துடிப்பிலிருந்தும் கண்டுபிடிக்கும், வாய் உலராமல் பார்த்துக்கொள்ளும், இறுகும் கைகால்களின் வலியைக் கவனிக்கும், உங்கள் இருவரோடும் உட்கார்ந்து பேசும்.

உங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பேச முடியாதவருக்காக முடிவெடுத்த உறவினர்களில் குறைந்தது மூன்றில் ஒருவர் மாதக்கணக்கில், சிலர் வருடக்கணக்கில் மனவேதனையோடு இருக்கிறார்கள் என்று 2011-ல் செய்த ஒரு தொகுப்பு சொல்கிறது. நோயாளி எந்தச் சிகிச்சையை விரும்புவார் என்று தெரிந்தவர்களுக்கு அந்த வேதனை குறைகிறது. அதனால் மருத்துவர் உங்கள் முன் பட்டியலை வைத்து "எது வேண்டும், நீங்களே சொல்லுங்கள்" என்றால் அதை ஏற்றுக்கொள்ளாதீர்கள். அம்மா எப்படிப்பட்டவர் என்று சொல்லிவிட்டு, "இப்படிப்பட்ட ஒருவருக்கு நீங்கள் எதைப் பரிந்துரைக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். அம்மா யார் என்று நீங்கள் சொல்ல வேண்டும். அதற்கு எந்தச் சிகிச்சை பொருந்தும் என்று சொல்லும் பொறுப்பு அவருடையது.

நாளைக்கே நரம்பியல் மருத்துவர், ஐசியூ மருத்துவர், நோய்த்தணிப்பு மருத்துவர் மூவரும் இருக்கும் ஒரு சந்திப்பைக் கேளுங்கள், அண்ணனும் கட்டாயம் இருக்கட்டும். 12-ஆம் நாள் என்பதால் டிரக்கியோஸ்டமிக்கு இன்னும் சில நாள் பொறுக்க முடியுமா என்றும் கேளுங்கள், பெரும்பாலும் முடியும். சந்திப்பில் மூளைத்தண்டு (மூச்சையும் விழிப்பையும் இயக்கும் மூளையின் அடிப்பகுதி) பாதிக்கப்பட்டிருக்கிறதா, தூக்க மருந்து நின்று எத்தனை நாள் ஆகிறது, அம்மா எந்தக் கட்டளைக்காவது பதில் தருகிறாரா என்பதைக் குறித்துக்கொண்டு இங்கே எழுதினால், அந்த விவரங்கள் எதைக் காட்டுகின்றன, எதைக் காட்டவில்லை என்று விளக்குகிறேன்.